வீட்டில் சி.என்.சி. ரவுட்டர்: முதலில் சட்டம், பிறகுதான் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கி மூன்று நான்கு மாதங்கள் ஆனதும் பலருக்கும் ஒரு கேள்வி எழும். கடிதம் டைப் செய்தாயிற்று, படம் பார்த்தாயிற்று, போட்டோக்களை எல்லாம் காப்பி செய்து வைத்தாயிற்று. இனி இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?

என் அக்கா மகனுக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு, மரக்கதவு செய்யும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து லேப்டாப் வாங்கினான். கதவுகளில் பூ வேலை செய்வதற்காக அந்தக் கடையில் பலகைகளை வெளியே ஒரு சி.என்.சி. மெஷினுக்கு அனுப்பி வாங்குவார்கள். அதைப் பார்த்ததும் அவன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

"மாமா, நானே ஒரு மெஷின் கட்டப் போறேன். எட்டுக்கு நாலு அடி. மோட்டார், போர்டு எல்லாம் இண்டர்நெட்ல ஆர்டர் பண்ணினா வந்துடும். மத்ததெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்றான்.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். அம்மாவின் வளையல்களை அடகு வைப்பதாகத் திட்டம்.

அவனிடம் நான் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் சி.என்.சி. ரவுட்டர் கட்டலாமா என்றால் தாராளமாகக் கட்டலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "மற்றதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்" என்ற அந்த ஒரு வரி தவறு. அந்த வரியை நம்பித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். நானும் இழந்திருக்கிறேன்.

ரவுட்டர் என்றால் என்ன?

ரவுட்டர் என்றதும் இண்டர்நெட் இணைப்புக்காக வீட்டில் வைத்திருக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தச்சுப் பட்டறையில் மரத்தில் பள்ளம் போடவும் ஓரங்களுக்கு வளைவு கொடுக்கவும் கையில் பிடித்து ஓட்டும் ஒரு மெஷின் உண்டு. அதன் நுனியில் உள்ள கட்டர் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை சுழலும். அதற்கும் ரவுட்டர் என்றுதான் பெயர். அதைக் கையால் நகர்த்தாமல் மூன்று மோட்டார்களைக் கொண்டு நகர்த்தினால் அது சி.என்.சி. ரவுட்டர். இடம் வலமாக நகர்வது எக்ஸ் அச்சு, முன்னும் பின்னும் நகர்வது ஒய் அச்சு, மேலும் கீழும் நகர்வது இசட் அச்சு.

வேலை நடக்கும் வரிசை எளிமையானது. முதலில் கம்ப்யூட்டரில் படம் வரைகிறோம். இன்க்ஸ்கேப், ப்ரீகேட் போன்ற சாப்ட்வேர்கள் இதற்கு இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு இன்னொரு புரோகிராம் அந்தப் படத்தைக் கட்டர் செல்ல வேண்டிய பாதையாக மாற்றுகிறது. ப்ரீகேட் சாப்ட்வேரில் இதற்கான பகுதி உள்ளேயே இருக்கிறது. அந்தப் பாதை ஜி-கோட் என்னும் டெக்ஸ்ட் பைலாக வெளிவருகிறது. நோட்பேடில் திறந்தால் நாமே படிக்கலாம். "ஜி1 எக்ஸ்100 எப்500" என்று ஒரு வரி இருந்தால், நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் எக்ஸ் அச்சில் 100 மி.மீ. என்ற இடத்துக்கு நேர்கோட்டில் போ என்று அர்த்தம். இந்த வரிகளை யு.எஸ்.பி. கேபிள் வழியாக ஒரு சிறிய கன்ட்ரோலர் போர்டுக்கு அனுப்புகிறோம். போர்டு அவற்றைத் துடிப்புகளாக மாற்றி டிரைவர்களுக்குத் தருகிறது. டிரைவர்கள் மோட்டார்களைச் சுழற்றுகின்றன. மோட்டார் சுழன்றால் அதனுடன் இணைந்த ஸ்குரூ சுழலும். ஸ்குரூ சுழன்றால் கட்டர் நகரும்.

கம்ப்யூட்டர் சொல்லும், கேட்காது

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கட்டர் வரை எல்லாம் ஒரே திசையில் போகிறது. கட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எந்தத் தகவலும் திரும்பி வருவதில்லை.

வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு துடிப்பு கொடுத்தால் 1.8 டிகிரி திரும்பும். 200 துடிப்புகளுக்கு ஒரு முழுச் சுற்று. கடைகளில் கிடைக்கும் 8 மி.மீ. தடிமனுள்ள லீட் ஸ்குரூக்களில் பரவலாக விற்கும் வகை ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும். ஆகவே ஒரு துடிப்புக்கு 0.04 மி.மீ. டிரைவரில் மைக்ரோஸ்டெப் செட்டிங்கை 8 என வைத்தால் ஒரு துடிப்புக்கு 0.005 மி.மீ. கணக்கு அழகாக இருக்கிறது. மானிட்டரிலும் மூன்று தசம இடங்கள் வரை எண் ஓடும். பார்க்கிறவர்களுக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு மி.மீ. வரை மெஷின் துல்லியமாக வேலை செய்கிறது என்று தோன்றும்.

ஆனால் மானிட்டரில் ஓடும் அந்த எண், கட்டர் இருக்கும் இடம் அல்ல. கட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் நினைக்கிறதோ அந்த இடம். மரத்தில் முடிச்சு இருந்து மோட்டார் திணறி நான்கு துடிப்புகளைத் தவறவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சட்டம் வளைந்தால் தெரியாது. ஸ்குரூவை மோட்டாருடன் இணைக்கும் கப்ளிங்கில் திருகு தளர்ந்து போனாலும் தெரியாது. தான் சொன்னது நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் மெஷினில். 60 செ.மீ. அகலம், இரண்டு பக்கமும் 8 மி.மீ. இரும்புக் கம்பிகள், எம்.டி.எப். பலகையில் சட்டம். கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி மோட்டாருக்கும் போர்டுக்கும் போய்விட்டது. சட்டத்துக்கு மிச்சம் இருந்ததைச் செலவழித்தேன். முதல் வேலையாக வீட்டுக்குப் பெயர்ப்பலகை செதுக்கத் தொடங்கினேன். நான்கு எழுத்துகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது எழுத்து மற்றவற்றைவிடக் கீழே இறங்கிவிட்டது. ஆறாவது இன்னும் கீழே. வேலை முடிந்து மெஷின் தொடங்கிய இடத்துக்குத் திரும்பியது. மானிட்டரில் எக்ஸ் 0.000, ஒய் 0.000 என்று காட்டியது. கட்டரோ நான் பென்சிலால் குறித்து வைத்த புள்ளியிலிருந்து 7 மி.மீ. தள்ளி நின்றது.

ஒரு வாரம் சாப்ட்வேரைத்தான் சந்தேகித்தேன். அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். வேறு புரோகிராம் டவுன்லோட் செய்து பார்த்தேன். கேபிளை மாற்றினேன். கடைசியில் எங்கள் தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் மானிட்டர் பக்கம் திரும்பவே இல்லை. ரவுட்டர் மாட்டியிருந்த இடத்தில் கட்டை விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கட்டர் நுனி அந்தப் பக்கம் நகர்ந்தது கண்ணுக்கே தெரிந்தது.

"தம்பி, வெரல்ல தள்ளினாலே இப்படி ஆடுதுங்களே, இது எப்படி மரத்தைத் தள்ளும்?" என்றார்.

அத்துடன் என் சாப்ட்வேர் ஆராய்ச்சி முடிந்தது. கட்டர் மரத்தைத் தள்ளும்போது சட்டம் வளைந்திருக்கிறது. வளைந்த சட்டத்தில் ஸ்குரூ இறுகியிருக்கிறது. இறுகிய ஸ்குரூவைச் சுழற்ற முடியாமல் மோட்டார் துடிப்புகளைத் தவறவிட்டிருக்கிறது. ஒரு வரி கோடைக்கூட நான் மாற்றியிருக்க வேண்டியதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

பெரியவர் விரலால் சொன்னதைக் கணக்கிலும் பார்க்கலாம். இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்ட 60 செ.மீ. நீளமுள்ள 8 மி.மீ. இரும்புக் கம்பியின் நடுவில் 2 கிலோ எடையை வைத்தால் அது ஏறத்தாழ 2.2 மி.மீ. தொய்யும். எடையை இரண்டு கம்பிகள் பங்கிட்டுக்கொண்டால் 1.1 மி.மீ. ஒரு சிறிய ரவுட்டரின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். கம்ப்யூட்டர் 0.005 மி.மீ. வரை கணக்குப் போட்டு அனுப்புகிறது. கம்பி அதைப்போல் 200 மடங்குக்கு மேல் தொய்கிறது. கணக்குப் போட்டு என்ன பயன்?

இதே கணக்கில் நமக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். 60 செ.மீ.க்குப் பதில் 30 செ.மீ. என்றால் 1.1 மி.மீ. என்பது 0.14 மி.மீ. ஆகிறது. கம்பியின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகும். கம்பியையே விட்டுவிட்டு, நீளம் முழுக்க அடியில் தாங்கல் உள்ள ரெயில் போட்டு அதைக் கனமான சட்டத்தில் பொருத்தினால் இன்னும் நல்லது. கட்டர் நுனி ரெயிலுக்கு எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவுக்கு நெம்புகோல் போல ஆட்டம் கூடும். ஆகவே இசட் அச்சைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. ஏற்ற இறக்கம் போதும் என்ற இடத்தில் 15 செ.மீ. வைக்க வேண்டாம்.

இங்கேதான் எட்டுக்கு நாலு அடி மெஷினின் ஆபத்து இருக்கிறது. குறுக்குச் சட்டம் 30 செ.மீ.யிலிருந்து நான்கடியாக, அதாவது சுமார் 120 செ.மீ.யாக, நான்கு மடங்கு நீளமாகிறது. அதே தடிமனில் செய்தால் தொய்வு நான்கு மடங்கு அல்ல, அறுபத்து நான்கு மடங்கு. அதைச் சமாளிக்கக் கனமான இரும்புக் குழாய் வேண்டும். அந்தக் கனத்தை நகர்த்தப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டாருக்குப் பெரிய டிரைவர், பெரிய பவர் சப்ளை வேண்டும். செலவு அளவோடு சேர்ந்து ஏறுவதில்லை. அதைவிட வேகமாக ஏறுகிறது. அந்த வளையல்கள் சட்டத்தில் பாதிக்குக்கூடக் காணாது என்று அவனுக்குப் போட்டுக் காட்டினேன்.

வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வேலையில் ஈடுபட்டிருந்த ஜான் பார்சன்ஸ், எண்களைக் கொண்டு மெஷினை நகர்த்தும் யோசனையை முன்வைத்தார். அந்த நாட்டு விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் அதை உருவாக்கி 1952-ல் இயக்கிக் காட்டியது. காகித நாடாவில் துளைகளாகப் போடப்பட்ட எண்களைப் படித்து அந்த மெஷின் உலோகத்தை வெட்டியது. ஆனால் அவர்கள் மெஷினைப் புதிதாகக் கட்டவில்லை. ஏற்கெனவே தொழிற்சாலைகளுக்காகச் செய்யப்பட்ட கனமான மில்லிங் மெஷின் ஒன்றை எடுத்து அதற்குக் கன்ட்ரோலைப் பொருத்தினார்கள். இரும்பு முதலில், எலக்ட்ரானிக்ஸ் பிறகு. நாம்தான் மோட்டாரையும் போர்டையும் முதலில் ஆர்டர் செய்துவிட்டு அவற்றை எதில் மாட்டுவது என்று தேடுகிறோம்.

"என்கோடர் உள்ள மோட்டார் வாங்கினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். அப்படிப்பட்ட மோட்டார்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. மோட்டார் சுழலாமல் நின்றால் அவை கண்டுபிடித்துவிடும். நல்லதுதான். ஆனால் என்கோடருக்குத் தெரிவது மோட்டாரின் தண்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும். அதற்கப்பால் சட்டம் வளைந்தால் அதற்கும் தெரியாது.

கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யாதீர்கள்

மெஷினுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கன்ட்ரோலர் போர்டில் பரவலாகப் பயன்படும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச புரோகிராமை நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் உருவாக்கினார். அது ஆர்டுயினோ யூனோ போர்டில் உள்ள 32 கிலோபைட் மெமரிக்குள் அடங்கிவிடுகிறது. மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரிய பைல். மெஷின் ஓட இவ்வளவு போதும்.

முன்பெல்லாம் 25 பின் பாரலல் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டரே நேரடியாகத் துடிப்புகளை அனுப்பும். வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் அந்த போர்ட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ்சி.என்.சி. என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து இன்றும் அப்படி ஓட்டலாம். இப்போதைய லேப்டாப்களில் பாரலல் போர்ட் இல்லை. விண்டோஸ் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பதால் துடிப்புகளை ஒரே சீராக அனுப்பும் பொறுப்பை அதனிடம் கொடுப்பதும் நல்லதல்ல. அந்தப் பொறுப்பைத் தனிப் போர்டுக்குக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை வரி வரியாகப் படித்துக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

லேப்டாப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு செட்டிங்குகளை மறக்காமல் மாற்ற வேண்டும். செதுக்கும் வேலை இரண்டு மணி நேரம் கூட ஓடும். அதற்குள் லேப்டாப் ஸ்லீப் நிலைக்குப் போனால் வரிகள் வருவது நின்று, கட்டர் ஒரே இடத்தில் சுழன்று மரத்தைக் கருக்கும். பவர் செட்டிங்ஸ் பகுதியில் ஸ்லீப் என்பதை நெவர் என்று வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் வேலை முடியும் வரை நிறுத்தி வையுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், மோட்டார்கள் நின்றுவிடும். மறுபடி கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்து, மெஷினை அங்கே கொண்டுபோய் முட்டவைத்து, அங்கிருந்து அளவைத் தொடங்க வேண்டும். இந்த ஸ்விட்ச்சுகள் விலை குறைந்தவை. இவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மரத்துக்கு முன்னால் பேனா

அப்படியானால் எங்கே தொடங்குவது? என் கருத்தில் முதல் மெஷினின் வேலைப்பரப்பு 30 செ.மீ.க்கு 30 செ.மீ. இருந்தால் போதும். முழு மெஷினையும் முதலில் ப்ரீகேட் சாப்ட்வேரில் வரையுங்கள். ஒவ்வொரு திருகுக்கும் ஸ்பேனர் போக இடம் இருக்கிறதா, ஒரு பாகம் நகரும்போது இன்னொன்றில் இடிக்கிறதா என்று மானிட்டரிலேயே பாருங்கள். இங்கே தவறு செய்தால் அழிக்க ஒரு கீ போதும். பலகையை அறுத்த பிறகு அழிக்க முடியாது. கம்ப்யூட்டரை நான் முழுதாக நம்பும் இடம் இதுதான்.

பணத்தைப் பிரிக்கும்போது பத்து ரூபாயில் ஆறு ரூபாயைச் சட்டம், ரெயில், ஸ்குரூ ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மீதி நான்கில் மோட்டார், போர்டு, ரவுட்டர் எல்லாம் வரட்டும். நான் செய்தது இதற்கு நேர் எதிர்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் கட்டரை மாட்டாதீர்கள். அந்த இடத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கட்டுங்கள். 200 மி.மீ. சதுரம் ஒன்றைக் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேலை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சுமார் 283 மி.மீ. இருக்க வேண்டும். என் மெஷினில் ஒன்று 285, மற்றது 281-க்குச் சற்றுக் குறைவு. அதாவது என் சதுரம் சதுரமே அல்ல, 3 மி.மீ. சாய்ந்த சாய்சதுரம். குறுக்குச் சட்டம் மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை. ஆனால் மானிட்டரில் தெரிந்த சதுரத்தில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம். வட்டம் ஒரு பக்கம் நீண்டு முட்டை போல இருந்தால், ஏதாவது ஒரு அச்சில் மி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு தவறு, அல்லது அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு இடங்களில் தட்டையாகவோ சிறு படி விழுந்தோ இருந்தால், ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையே தளர்வு இருக்கிறது. அந்த இடங்களில்தான் அச்சுகள் திசை மாறுகின்றன. கடைசியாக அதே வட்டத்தைப் பத்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். பத்தும் ஒரே கோடாக விழுந்தால் மெஷின் துடிப்புகளைத் தவறவிடவில்லை. இந்த மூன்று சோதனைகளுக்கும் ஒரு பேனா, ஒரு ஸ்கேல், நான்கு தாள் காகிதம் தவிர வேறு செலவில்லை.

பேனாவில் தேறிய பிறகு தெர்மோகோல், அதன் பிறகு மென்மையான மரம். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயத்தில் மிக மெதுவாக நகர்த்துவார்கள். இரண்டு பற்கள் உள்ள கட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுழலும்போது 1,000 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் ஒவ்வொரு பல்லும் 0.025 மி.மீ. மரத்தைச் சீவும். அதையே 200 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் 0.005 மி.மீ. அது சீவுவதில்லை, தேய்க்கிறது. மரம் கருகும், கட்டர் மழுங்கும். பயமாக இருந்தால் வேகத்தைக் குறைப்பதற்குப் பதில் ஆழத்தைக் குறையுங்கள். ரவுட்டரின் சுற்றையும் குறையுங்கள்.

இதில் விட்டுக்கொடுக்க முடியாது

அன்டூ கீ இல்லாத ஒரு வேலையில் இறங்குகிறோம். கம்ப்யூட்டரில் மட்டும் பழகியவர்களுக்கு இது மறந்துவிடும். மானிட்டரில் ஸ்டாப் பட்டனை கிளிக் செய்தால் மூன்று அச்சுகளும் நிற்கலாம். தனி ஸ்விட்ச்சில் ஓடும் ரவுட்டர் நிற்காது. கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிற எமர்ஜென்சி ஸ்விட்ச் ஒன்று வைத்து, அது ரவுட்டர், மோட்டார் இரண்டின் மின்சாரத்தையும் துண்டிக்கும்படி இணையுங்கள். வயரிங் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மெஷின் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். சுழலும் கட்டருக்கு அருகில் கையுறை அணியவே கூடாது. நூல் சிக்கினால் கையையும் இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம் அணியுங்கள்.

தூசியை லேசாக எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எம்.டி.எப். பலகையில் மரத்தூளுடன் பசையும் சேர்ந்து பறக்கும். படுக்கையறை மேசையில் லேப்டாப் பக்கத்தில் வைத்து ஓட்டும் மெஷின் அல்ல இது. தனி இடம், தூசி உறிஞ்சும் குழாய், மூக்குக்கு நல்ல மாஸ்க் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பிழைப்புக்கு என்றால்?

"மெஷின் வைத்துச் சம்பாதிக்கத்தானே கேட்கிறேன், பேனாவில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். என் அக்கா மகனும் கேட்டான். நியாயமான கேள்விதான். என் பதில் இது: இந்த மாதமே வருமானம் வேண்டும் என்றால் மெஷின் கட்டாதீர்கள். படம் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். டி.எக்ஸ்.எப். பைலாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதன்படி வெட்டித்தரும் ஜாப் ஒர்க் பட்டறைகள் பல ஊர்களில் இருக்கின்றன. பெரிய மெஷினுக்குப் பணம் போட்டு, அதைப் பராமரித்து, பழுது பார்ப்பது அவர்கள் பாடு. வரையத் தெரிந்தவருக்கு லேப்டாப் ஒன்றே முதலீடு. கடன் வாங்கிக் கட்டிய மெஷின் ஆடத் தொடங்கினால் வட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ரெடிமேடாக வரும் சிறிய மெஷினை வாங்குவதும் தவறல்ல. 3018 என்ற எண்ணுடன் விற்கும் வகைக்கு 30 செ.மீ.க்கு 18 செ.மீ. வேலைப்பரப்பு. ஜி-கோட் பழக அது போதும். ஆனால் அதிலும் பேனா சோதனையைச் செய்யாமல் கட்டரை மாட்டாதீர்கள். நானே கட்டுவதை விரும்புவதற்குக் காரணம் செலவு அல்ல. கட்டியவருக்கு, மெஷின் தவறு செய்யும்போது எந்தத் திருகைத் தொட வேண்டும் என்று தெரியும். வாங்கியவர் சாப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்.

வளையல்கள் அடகுக் கடைக்குப் போகவில்லை. அவன் பிளைவுட்டிலும் அலுமினியத்திலும் ஒரு சிறிய மெஷின் கட்டினான். முதல் வட்டம் முட்டையாக வந்தது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. பெரிய கதவுகள் இன்னும் வெளியே உள்ள மெஷினுக்குத்தான் போகின்றன. ஆனால் இப்போது அவற்றுக்கான படங்களை வரைவது அவன்தான்; அதற்குக் கடையில் தனியாகப் பணம் கொடுக்கிறார்கள். சென்ற வாரம் போனில், "மாமா, சதுரத்துல ரெண்டு மூலைவிட்டமும் 283 வந்துடுச்சு" என்றான். மானிட்டரில் எவ்வளவு காட்டியது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நீங்களும் முயன்று பாருங்கள். மோட்டாரோ போர்டோ ஆர்டர் செய்வதற்கு முன்னால், ஒரு நல்ல இரும்பு ஸ்கேல் வாங்கி மவுஸ் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.